மலையை அறியாத உடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. பெயரிலேயே மலையைத் தாங்கி நிற்கும் கீரிமலைக்குப் போனாலும் நாம் காண்பது கடலோரத்து நன்னீர்க் கேணியைத்தான். ஏறி இறங்க ஒரு குன்றுகூட அங்கு இல்லை. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உள்ள, சுண்ணாம்புக் கல்லின் மேல் விரிந்த தட்டை நிலத்தில் பிறந்து வளர்ந்த நமது உடல், சுவாசிக்கும் காற்றைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட வேண்டியிருந்ததில்லை. ஆயினும் இங்கிருந்தும், புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களிடையேயிருந்தும் கயிலை யாத்திரைக்குப் புறப்படுவோர் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒரே வகையானவை: முதலிரு நாள் மண்டையைப் பிளக்கும் தலையிடி, சோற்றைக் கண்டாலே அருவருப்பு, இரவில் மூச்சு நின்றுவிட்டதுபோல் திடுக்கிட்டு விழித்தல், பின்னர் மெல்ல மெல்ல எல்லாம் தணிந்து நடக்க முடிந்தமை. அந்த ‘மெல்ல மெல்ல’ என்ற நாட்களில் உடலுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. சமவெளி மனிதனின் உடலில் மலைக்கென்றே அமைந்த ஏற்பாடு எதுவும் இல்லை. குருதி இழப்பு, நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்தல், மூச்சுத் திணறல் போன்ற வேறு இடர்களுக்காக அமைந்த ஏற்பாடுகளே உள்ளன. உயரத்தில் ஒட்சிசன் குறையும்போது உடல் அவற்றையே எடுத்துப் பயன்படுத்துகிறது. அவற்றுட் சில நன்றாகப் பொருந்துகின்றன. சில அரைகுறையாகப் பொருந்துகின்றன. ஒன்றிரண்டு ஆளையே கொன்றுவிடவும் கூடியவை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியுள்ளது. மலையுச்சிக் காற்றில் ஒட்சிசனின் விகிதம் குறைவு என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். பரீட்சை விடைத்தாள்களில் அவ்வாறு எழுதிவைப்போரும் உண்டு. உண்மையில் யாழ்ப்பாணத்து முற்றவெளியிலும் எவரெஸ்ட் சிகரத்திலும் காற்றில் ஒட்சிசனின் பங்கு ஒன்றேதான்: நூற்றுக்கு ஏறத்தாழ 21. உயரே போகப் போகக் குறைவது காற்றின் அமுக்கம். நமக்கு மேலே உள்ள காற்று முழுவதும் தன் பாரத்தால் நம்மை அழுத்திக்கொண்டிருக்கிறது. மேலே ஏறும்போது தலைக்கு மேல் உள்ள காற்றின் அளவு குறைவதால் அந்த அழுத்தமும் குறைகிறது.

அமுக்கம் குறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். நமது வளவுகளில் தூண்களின் மேல் நிற்கும் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். தாங்கி உயரத்தில் இருக்கும்வரை குழாயைத் திறந்ததும் தண்ணீர் பாய்ந்து வருகிறது. அதே தாங்கியை, அதே அளவு தண்ணீருடன், நிலத்தோடு ஒட்டி வைத்தால் குழாயில் ஒழுகல்தான் வரும். ஒட்சிசனும் இப்படித்தான் உடலுக்குள் வழிந்து செல்கிறது. வெளிக்காற்றிலிருந்து நுரையீரலுக்கும், அங்கிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து கலங்களுக்கும் அதைத் தள்ளிச் செல்வது எந்தப் பம்பியும் அன்று. அமுக்க வேறுபாடே ஆகும். மலையில் நடப்பது தாங்கியைக் கீழே இறக்கி வைப்பதற்கு ஒப்பானது. படிகள் அவ்வளவும் அப்படியே இருக்கின்றன, ஆனால் வழிந்து செல்வதற்கான சரிவு போதாமற் போகிறது.

எண்களைப் பார்த்தால் இது தெளிவாகும். கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசம் ஆகும் (இங்கு இரசம் என்பது வெப்பமானியில் உள்ள உலோகம், சோற்றுக்கு ஊற்றுவது அன்று). ஏறத்தாழ 1870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் இது 610 அளவுக்கு, அதாவது ஐந்திலொரு பங்கு, குறைந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் வாங்கிய மிக்சர்ப் பொதியை உடைக்காமல் பாடசாலைச் சுற்றுலாப் பேருந்தில் கொண்டு போனவர்கள், அது மேலே ஏற ஏறத் தலையணைபோல் உப்பியதைக் கண்டிருப்பார்கள். உள்ளே அடைபட்டிருப்பது யாழ்ப்பாணத்து அமுக்கம், வெளியே இருப்பது நுவரெலியாவின் அமுக்கம். லடாக்கில் உள்ள லே நகரம் 3500 மீற்றரில் உள்ளது. அங்கே அமுக்கம் ஏறத்தாழ 500. கயிலையை வலம் வருவோர் கடக்க வேண்டிய டோல்மா லா கணவாய் 5600 மீற்றருக்கும் சற்று மேலே. அங்கே கடல் மட்ட அமுக்கத்தின் அரைப்பங்கே எஞ்சியிருக்கும். எவரெஸ்ட் உச்சியில் 1981 ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் பிஸ்ஸோ என்ற அமெரிக்க மருத்துவர் நேரில் அளந்து பெற்ற எண் 253. கடல் மட்டத்தின் மூன்றிலொரு பங்கு மட்டுமே.

உடலுக்குள் நிலைமை இதைவிடவும் சற்றுக் கடினமானது. நாம் உள்ளிழுக்கும் காற்று எதுவாயினும் மூக்கையும் தொண்டையையும் கடக்கும்போது ஈரமாகி, உடல் வெப்பநிலையை அடைந்துவிடுகிறது. அந்த நீராவி தனக்கென 47 மில்லிமீற்றர் இரசத்தை எடுத்துக்கொள்கிறது. உயரம் எதுவானாலும் அந்தப் பங்கு குறைவதில்லை. நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளை அடைந்ததும் அங்கே காபனீரொட்சைட்டு ஏற்கெனவே ஏறத்தாழ 40 அலகு இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. இந்த இருவருக்கும் கொடுத்த பிறகு எஞ்சுவதிலேதான் ஒட்சிசனுக்குப் பங்கு. யாழ்ப்பாணத்தில் அப்படிக் கொடுத்த பிறகும் சிற்றறைகளில் ஒட்சிசனின் பகுதியமுக்கம் (மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனுக்கு மட்டும் உரிய பங்கு) 100 அளவில் நிற்கிறது. அமுக்கம் குறையும் இடத்தில் இந்த நிலையான கழிவுகள் பெருஞ்சுமையாகின்றன. நீராவியை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காபனீரொட்சைட்டை வெளியே துரத்தினால் அந்த இடம் ஒட்சிசனுக்குக் கிடைக்கும். மலைக்குப் பழகுவதன் பெரும்பகுதி இந்த ஒரு சூட்சுமத்தில்தான் அடங்கியுள்ளது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அதற்கு முன், நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கு அமுக்கம் குறைந்தும் நாம் ஏன் குளிரைத் தவிர வேறெதையும் உணர்வதில்லை என்று கேட்க வேண்டும். அதற்குக் காரணம் செங்குழியங்களில் உள்ள ஈமோகுளோபின். இந்தப் புரதம் ஒட்சிசனை நேர்விகிதத்தில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒட்சிசன் அமுக்கம் 100 இலிருந்து 60 வரை விழுந்தாலும் அது தன் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறை நிரப்பியே வைத்திருக்கும். 60 இற்குக் கீழே போனதும் கடகடவென்று இழக்கத் தொடங்கும். நமது பரவைக் கடலில் நடப்பவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது: நெடுந்தூரம் முழங்காலளவு நீர், பிறகு ஓரிடத்தில் திடீரென்று ஆழம். ஏறத்தாழ 3000 மீற்றர் வரை நாம் அந்த முழங்காலளவு நீரிலேயே நடக்கிறோம். அதனால்தான் ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ பறக்கும் முதியவர்கள்கூட, விமானத்தின் உள்ளறை அமுக்கம் 1800 முதல் 2400 மீற்றர் வரையான மலைக்கு ஒப்பாகக் குறைக்கப்பட்டிருப்பதை அறியாமலே உறங்கிப் போகிறார்கள். கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்துப் பழகிய அந்தச் சிறு மானியை விமானத்தில் மாட்டினால் எண் சில புள்ளிகள் இறங்கியிருப்பதைக் காணலாம். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் பயணத்துக்கு முன் வைத்தியரைக் கேட்க வேண்டும் என்பதன் காரணமும் இதுவே. அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே ஆழத்தின் விளிம்பில் நிற்பவர்கள்.

ஒட்சிசன் குறைவு ஓர் ஊமைப் பகைவன். மூச்சை அடக்கினால் நெஞ்சு தவிப்பது ஒட்சிசன் தீர்ந்ததனால் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது காபனீரொட்சைட்டுச் சேர்ந்ததன் தவிப்பு. காபனீரொட்சைட்டு சேராமல் ஒட்சிசன் மட்டும் குறைந்தால் தவிப்பு மிகக் குறைவு, சில வேளை மகிழ்ச்சிகூட உண்டாகும். 1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் மூவர் ‘செனித்’ என்ற பலூனில் 8000 மீற்றருக்கு மேலே ஏறினார்கள். அவர்களிடம் ஒட்சிசன் நிரப்பிய பைகளும் இருந்தன. ஆனால் தேவை என்று உணர்ந்த வேளையில் கையைத் தூக்கிக் குழாயைப் பிடிக்கும் வலு அவர்களுக்கு இருக்கவில்லை. சிவெல், குரோசே ஸ்பினெல்லி ஆகிய இருவரும் பலூனிலேயே இறந்தார்கள். உயிர் தப்பிய திசாந்தியே, அந்த நேரத்தில் தமக்கு அச்சமே தோன்றவில்லை என்பதைப் பின்னர் எழுதி வைத்தார். மலையில் கேடு செய்வது காற்றின் அமுக்கக் குறைவு தானாக அன்று, அதனால் ஒட்சிசனின் பகுதியமுக்கம் குறைவதே என்பதைச் சோதனை அறைகளில் நிறுவிய போல் பெர், இவர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய பெரு நூல் 1878 இல் வெளிவந்தது.

பலூனில் ஏறியவர்கள் சில மணி நேரத்தில் மடிந்த உயரத்துக்கு, வாரக்கணக்கில் ஏறிச் சென்றவர்கள் நடந்தே போய் வந்திருக்கிறார்கள். 1978 மே 8 அன்று ரைனோல்ட் மெஸ்னரும் பீற்றர் ஹாபெலரும் ஒட்சிசன் கலன் இன்றி எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பலூன்காரர்களுக்கும் இவர்களுக்கும் இடையில் உள்ள வேறுபாடு வீரம் அன்று, நாட்கள்.

அந்த நாட்களின் முதல் வேலை மூச்சினுடையது. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் கழுத்து நாடிகள் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒவ்வொரு பக்கமும் அரிசி மணி அளவேயான ஓர் உணரி இருக்கிறது. குருதியின் ஒட்சிசன் குறைந்ததை அது நொடிகளில் அறிந்து மூளையின் அடித்தண்டுக்குச் செய்தி அனுப்புகிறது. உடனே மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் ஆகிறது. மூச்சு கூடியதும் காபனீரொட்சைட்டு கூடுதலாக வெளியேறி, சிற்றறைகளில் ஒட்சிசனுக்கு இடம் விடுகிறது. ஏற்பாடு சரியானதுதான், ஆனால் இங்கேயே முதல் முரண்பாடும் தோன்றுகிறது. காபனீரொட்சைட்டு குருதியில் அமிலமாகக் கரைந்திருப்பது. அது அளவுக்கு மீறி வெளியேறினால் குருதி காரத்தன்மை அடைகிறது. மூளையில் உள்ள மற்றோர் உணரி காபனீரொட்சைட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது. அது ‘மூச்சு அதிகமாகிவிட்டது, குறை’ என்று கட்டளையிடுகிறது. ஒருவர் முடுக்கியை மிதிக்க, மற்றவர் அதே நேரத்தில் தடையை மிதிப்பதுபோல இரு காவலர்களும் ஒரே வண்டியை ஓட்டுகிறார்கள்.

யாத்திரிகர்களின் இரவுக் கலக்கம் இந்தப் பிணக்கின் நேரடி விளைவு. உறக்கத்தில் மூச்சு பலமாகி, காபனீரொட்சைட்டு மிகக் குறைந்ததும் மூளை மூச்சையே சில நொடிகள் நிறுத்திவிடுகிறது. அதற்குள் ஒட்சிசன் விழ, கழுத்து உணரி அலறுகிறது. உறங்குபவர் பெருமூச்சுடன் திடுக்கிட்டு எழுகிறார். பக்கத்தில் படுத்திருப்பவர் இதைக் கேட்டால் பயந்துபோவார். பழகாத உயரத்தில் உடல்நலம் உள்ளவர்களுக்கும் இது வழமையாக நிகழ்வதே.

பிணக்கைத் தீர்ப்பது சிறுநீரகம். குருதியின் காரத்தன்மையைக் குறைக்க, அது இருகாபனேற்று என்ற காரப் பொருளைச் சிறுநீருடன் கழித்துவிடத் தொடங்குகிறது. இது மணித்தியாலங்களில் முடியும் வேலை அன்று. பல நாட்கள் வேண்டும். இருகாபனேற்று இறங்க இறங்க, மூளையின் உணரி தாழ்ந்த காபனீரொட்சைட்டையே இயல்பானதாக ஏற்றுக்கொள்ளப் பழகி, தடையிலிருந்து காலை எடுக்கிறது. கழுத்து உணரியும் நாளடைவில் முன்னைவிடக் கூர்மையாகிறது. ஆகவே ஐந்தாம் நாளில் ஒருவர் எடுக்கும் மூச்சு முதல்நாள் எடுத்த மூச்சைவிடக் கூடுதலானது. அவரோ மூச்சிரைப்பு குறைந்துவிட்டதாகவே சொல்வார். மானசரோவர் ஏரியின் உயரத்தில், அதாவது ஏறத்தாழ 4590 மீற்றரில், பழகியவரின் சிற்றறைகளில் 40 ஆக இருந்த காபனீரொட்சைட்டு 30 அளவுக்கு வந்திருக்கும். எவரெஸ்ட் உச்சியில் பிஸ்ஸோ தம் மூச்சையும் சேகரித்து வந்தார். அதில் காபனீரொட்சைட்டு 8 இற்கும் குறைவு. தரையில் இருப்பவர் அந்த அளவுக்கு மூச்சுவிட முயன்றால் தலை சுற்றி மயங்கி விழுவார்.

யாத்திரை செல்வோருக்கு வைத்தியர்கள் கொடுக்கும் அசற்றசோலமைட்டு என்ற மாத்திரை, பலரும் எண்ணுவதுபோல் தலையிடியை மறைக்கும் மருந்து அன்று. சிறுநீரகம் இருகாபனேற்றைக் கழிக்கும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. பழகும் நாட்களைச் சுருக்குகிறது. விரல்நுனி கூசுவதும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் அதன் கூடவரும் தொல்லைகள். சோடா குடித்தால் அதன் சுறுசுறுப்பு நாவுக்குத் தெரியாமற் போவதும் அதன் வேலைதான், ஏனெனில் சோடாவின் காபனிக் அமிலத்தை நாவுக்கு உணர்த்தும் நொதியத்தையே அந்த மருந்து தடுக்கிறது. எல்லோருக்கும் ஒத்துவராத மருந்தாகையால் வைத்தியரின் ஆலோசனையின்றி அதை எடுக்கலாகாது.

அடுத்தது குருதி. மலைக்குப் போனால் குருதி கூடும் என்பது பொதுவாகத் தெரிந்த செய்தி. ஆனால் அது நடக்கும் விதம் இரண்டு கட்டங்களாக உள்ளது. 1890 இல் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் பெரு நாட்டில் ஏறத்தாழ 4500 மீற்றர் உயரத்தில் உள்ள மொறொகோச்சா என்ற சுரங்க ஊருக்குச் சென்றார். கன மில்லிமீற்றருக்கு 50 இலட்சமாக இருந்த தமது செங்குழியங்கள் சில வாரங்களில் 70 இலட்சத்தைக் கடந்ததைக் கண்டார். மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற அளவீடு அது. ஆனால் என்பு மச்சை அத்தனை விரைவாகப் புதிய செங்குழியங்களை ஆக்கித் தள்ளிவிடாது. முதல் நாட்களில் நடப்பது வேறு: உடல் குருதியின் நீர்ப்பகுதியைக் குறைத்துவிடுகிறது. அடுப்பில் வற்றிய கூழில் மீனும் மரவள்ளியும் கூடியதுபோல் தெரிவதற்கு ஒப்பாக, நீர் வற்றிய குருதியில் செங்குழியங்கள் கூடியதாகத் தோன்றுகின்றன. ஒரு லீற்றர் குருதி எடுத்துச் செல்லும் ஒட்சிசன் உண்மையிலேயே கூடுகிறது. ஆயின் மொத்தக் குருதி குறைந்திருக்கிறது. முதல் வாரத்தில் இதயம் வேகமாக அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உண்மையான உற்பத்தி சிறுநீரகத்தில் தொடங்குகிறது. எரித்திரோபொயற்றின் என்ற ஓமோனைச் சிறுநீரகம் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே கூடுதலாகச் சுரக்கிறது. அதன் கட்டளைப்படி என்பு மச்சை புதிய செங்குழியங்களை ஆக்கி அனுப்பி, எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி உயர வாரங்கள் ஆகின்றன. சிறுநீரகக் கலம் ஒட்சிசன் குறைந்ததை எவ்வாறு அறிகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. விடை கண்ட வில்லியம் கேலின், பீற்றர் ரட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டறிந்த ஏற்பாடு வியப்புக்குரியது. நமது கலங்கள் ஒரு புரதத்தை ஓயாமல் ஆக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் புரதத்தின் மீது ஒட்சிசனைக் கொண்டே ஓர் அடையாளம் பொறித்து, அந்த அடையாளத்தைப் பார்த்து அதைச் சிதைத்தும் விடுகின்றன. ஆக்குவதும் அழிப்பதுமாக வீண் வேலைபோல் தோன்றும். ஆனால் ஒட்சிசன் குறைந்தவுடன் அடையாளம் பொறிக்க முடிவதில்லை. புரதம் அழியாமல் சேர்ந்து, கலத்தின் கருவுக்குள் சென்று, எரித்திரோபொயற்றின் உட்படப் பல பரம்பரையலகுகளை இயக்கிவிடுகிறது. புதிதாக ஒன்றை ஆக்கத் தொடங்குவதைவிட, அழிப்பதை நிறுத்துவது மிக விரைவான வழியல்லவா?

இந்த ஏற்பாடு மலைக்காக ஏற்பட்டதா? அவ்வாறு கருதுவதற்கு இடமில்லை. காயம்பட்டோ பிள்ளைப்பேற்றிலோ குருதி இழந்தவருக்கும் சிறுநீரகத்தில் ஒட்சிசன் குறைகிறது. அவருக்கு இழந்த செங்குழியங்களை மீட்டுத் தருவதே இதன் இயல்பான பணி. மலையில் ஒருவருக்குக் குருதி குறையவில்லை, காற்றே குறைந்துள்ளது. சிறுநீரகத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. குருதி போய்விட்டதென்று எண்ணி அது உற்பத்தியைக் கூட்டுகிறது. சிறிதளவு கூடினால் நன்மை. மிகக் கூடினால் குருதி தடித்து, நுண்ணிய குழாய்களில் ஓட மறுத்து, இதயத்துக்குச் சுமையாகிறது.

இதைவிடக் கொடிய தவறு நுரையீரலில் நிகழ்கிறது. நுரையீரலின் ஒரு மூலையில் சளி அடைத்து அங்கே காற்றுப் போகாவிட்டால், அந்த மூலைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் தாமாகவே சுருங்கி, குருதியைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும். நியூமோனியா வந்தவரைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு இது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும், இன்னும் பயன்படுத்தப்படாத நுரையீரலுக்குக் குருதி வீணே செல்லாதபடி குழாய்கள் இவ்வாறே ஒடுங்கியிருக்கும். ஆனால் மலையில் நுரையீரல் முழுவதிலும் ஒட்சிசன் குறைவு. எல்லாக் குழாய்களும் சுருங்குகின்றன. குருதியைத் திருப்பி அனுப்ப வேறிடம் இல்லை. நுரையீரல் நாடியில் அமுக்கம் ஏறுகிறது. சிலரில் இந்தச் சுருக்கம் ஒருசீராக அமையாமல், சுருங்காது விடுபட்ட சில குழாய்கள் முழு வேகத்தையும் தாங்க நேர்ந்து, அவற்றின் மெல்லிய சுவர் கசிந்து சிற்றறைகளில் நீர் நிரம்புகிறது. ஓய்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு, இருமல், நுரையும் இளஞ்சிவப்புமான சளி, உதடு நீலித்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். மூளை வீங்கும் நிலை மற்றொன்று: தள்ளாட்டம், குழப்பம், பின் மயக்கம். நேர்கோட்டில் அடிமேல் அடிவைத்து நடக்க முடியாதவரை ‘களைப்பு’ என்று படுக்கவிடலாகாது.

இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறக்குவதே. ஒட்சிசனும் ஊசிமருந்தும் இறக்கும் வரையான துணைகள். கயிலைக்கு உடல் தேயத் தேய ஊர்ந்து சென்ற திருநாவுக்கரசரை, அங்குள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுமாறு இறைவன் பணித்த வரலாறு நமக்குத் தெரியும். அடியார்கள் அதில் அருளைக் காண்பார்கள். உடலியல் படித்தவன் அதில் மிகச் சரியான வைத்திய ஆலோசனையையும் காண்கிறான்.

நோய் யாருக்கு வரும் என்பதை வயதோ உடற்பலமோ தீர்மானிப்பதில்லை. 1962 இந்திய-சீனப் போரையொட்டி இந்தியச் சமவெளியிலிருந்து விரைந்து மலைக்கு ஏற்றப்பட்ட இளம் சிப்பாய்கள் பெருமளவில் நோயுற்றார்கள். அவர்களுள் 1925 பேரை ஆராய்ந்து இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1969 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. உடற்பலம் உள்ளவருக்கு ஒரு கூடுதல் ஆபத்தும் உண்டு. அவர் விரைந்து ஏறிவிடுவார். தீர்மானிப்பது ஏறும் வேகமும், பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும் இயல்பும்தான். 3000 மீற்றருக்கு மேல் ஒவ்வோர் இரவும் முந்திய இரவு உறங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்களின் பொது விதி. பகலில் எவ்வளவு ஏறினாலும் இரவில் இறங்கி உறங்கினால் கேடு குறைவு. நேபாளத்தில் 150 மீற்றரில் உள்ள நேபாள்கஞ்சிலிருந்து விமானத்தில் 2900 மீற்றர் உயரச் சிமிகோட்டுக்கும், அங்கிருந்து உலங்குவானூர்தியில் 3600 மீற்றர் அளவிலுள்ள ஹில்சாவுக்கும் ஓரிரு நாட்களில் கொண்டு சேர்க்கும் யாத்திரை ஒழுங்குகளை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வழியில் தங்கும் நாட்களை ‘வீண் செலவு’ என்று குறைக்கச் சொல்வது எத்தகைய சிக்கனம் என்பது விளங்கும்.

இதுவரை சொன்னது சமவெளி உடல் மலையில் படும் பாடு. மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களைப் பார்த்தால் செய்தி வேறாகிறது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் வாழ்ந்துவரும் அந்தீசு மலைகளில், குருதியில் ஈமோகுளோபின் மிகுதி. அகன்ற நெஞ்சுக்கூடும் அவர்களின் அடையாளம். சமவெளியார் செய்வதையே அவர்கள் இன்னும் பெரிதாகச் செய்கிறார்கள் எனலாம். அதற்கான விலையையும் கொடுக்கிறார்கள். வயது ஏற ஏறச் சிலரின் குருதி மிகத் தடித்து, உதடுகள் கருநீலமாகி, தலையிடியும் காதிரைச்சலும் இதயத் தளர்ச்சியும் வந்து சேர்கின்றன. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மொங்கே 1925 இல் விவரித்த நோய் இது. அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மலையில் பிறந்தவருக்கும் மலையை விட்டு இறங்குவதே மருந்தாகிறது.

திபெத்தியர் வேறு வழியில் சென்றவர்கள். 4000 மீற்றரில் வாழும் திபெத்தியரின் ஈமோகுளோபின், கடல் மட்டத்தில் வாழ்பவரின் அளவுக்கு அருகிலேயே இருக்கிறது. குருதியைத் தடிக்கவிடாமல், கூடுதலாக மூச்சுவிட்டும், நைத்திரிக் ஒட்சைட்டை மிகுதியாக ஆக்கிக் குருதிக் குழாய்களை விரித்து ஓட்டத்தைக் கூட்டியும் அவர்கள் சமாளிக்கிறார்கள். 2010 இல் வெளியான ஆய்வுகள் இதற்குக் காரணமான பரம்பரையலகுகளைக் காட்டின. அவற்றுள் முதன்மையானது, மேலே சொன்ன நோபல் பரிசுப் புரதத்தின் உடன்பிறப்பு ஒன்றை ஆக்கும் அலகு. திபெத்தியரிடம் உள்ள அதன் வடிவம், குருதியைக் கூட்டச் சொல்லும் கட்டளையை மழுக்கிவிடுகிறது. அதாவது அவர்களின் பரம்பரை புதிய திறமை ஒன்றைக் கற்றுக்கொண்டது என்பதைவிட, சமவெளி உடல் செய்யும் தவறான கணிப்பைத் திருத்திக்கொண்டது என்பதே பொருத்தம். அந்த வடிவம் வந்த வழி அதனினும் விந்தையானது: சைபீரியாவின் தெனிசோவா குகையில் கிடைத்த எலும்புத் துண்டுகளால் முதன்முதலில் அறியப்பட்ட, மறைந்துபோன ஒரு மனித இனத்துடன் ஏற்பட்ட கலப்பினால் அது திபெத்தியரின் முன்னோருக்குக் கிடைத்தது என்று 2014 இல் தெரியவந்தது. எதியோப்பிய உயர்நிலத்து மக்களிடம் மூன்றாவது ஒரு முறை உண்டு. அது இன்னும் முழுமையாக அவிழ்க்கப்படவில்லை.

இந்த வேறுபாடு பிள்ளைப்பேற்றில் துலக்கமாகத் தெரியும். உயரத்தில் பிறக்கும் குழந்தைகள் பொதுவாக எடை குறைந்தவை. ஆனால் அதே உயரத்தில் சமவெளியிலிருந்து குடியேறிய தாய்மாரின் குழந்தைகளைவிடத் திபெத்தியத் தாய்மாரின் குழந்தைகள் எடை கூடியவை. ஒரு மக்கட்கூட்டம் மலைக்குரியதாகிவிட்டதா என்பதைக் காட்டும் அளவுகோல் சிகரம் ஏறுவதில் இல்லை, தொட்டிலில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு பழகினாலும் ஓர் எல்லை உண்டு. பெருவில் உள்ள லா ரின்கொனாடா என்ற தங்கச் சுரங்க ஊர் ஏறத்தாழ 5100 மீற்றரில் உள்ளது. நிலையாக மக்கள் வாழும் ஊர்களுள் அதைவிட உயரமானது இல்லை. 1960 இலிருந்து 1961 வரையான குளிர்காலத்தை 5800 மீற்றரில் ஒரு குடிலில் கழித்த ஆய்வாளர்கள், உணவும் ஓய்வும் இருந்தும் தொடர்ந்து மெலிந்தே போனார்கள். சிலியில் ஏறத்தாழ 6000 மீற்றரில் கந்தகம் வெட்டிய தொழிலாளர், சுரங்கத்தின் அருகிலேயே தங்க மறுத்து, 5300 மீற்றரில் குடியிருந்து நாளாந்தம் ஏறி இறங்கினார்கள். அவர்களுக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை. பசியும் உறக்கமும் சொல்லிவிட்டன.

கயிலையைத் தரிசித்து ஊர் திரும்பியவரின் உடல் மறுபக்கமாகப் பழகத் தொடங்குகிறது. சிறுநீரகம் இழந்த இருகாபனேற்றைச் சில நாட்களில் மீண்டும் சேர்த்துவிடுகிறது. மூச்சு பழைய அளவுக்கு வருகிறது. குருதியின் நீர்ப்பகுதி நிரம்புகிறது. எரித்திரோபொயற்றின் இயல்பான அளவுக்கும் கீழே இறங்கி, மேலதிகமாகச் சேர்ந்த செங்குழியங்கள் சில வாரங்களில் கழிந்துபோகின்றன. விரலில் மானியை மாட்டினால் 98 என்று காட்டும், பக்கத்து வீட்டாருக்குக் காட்டுவதைப் போலவே. அடுத்த ஆண்டு மறுபடியும் புறப்பட்டால், முதல்நாள் தலையிடியிலிருந்து எல்லாவற்றையும் அவர் உடல் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.